உடன்போக்கும் இரண்டு சாட்சிகளும்

மன்னார்ப் பட்டினத்தை அடுத்துள்ள கடற்கரையூர் பள்ளிமுனை. அவ்வூருக்குச் செல்வோர் முதற்கண் காண விழைவது அங்கு நிற்கும் பெருக்க மரத்தையே. அதன் அடிமரத்தின் சுற்றளவு 19.5 மீற்றர். அராபிய வணிகர் 1477ஆம் ஆண்டளவில் அதனை நட்டனர் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. பத்துப் பேர் கைகோத்து நின்றாலும் அதனைச் சுற்றி வளைத்தல் எளிதன்று. ஆதலால் அம்மரத்தின் ஒரு புறத்தில் நிற்பவர் பேசுவது மறுபுறத்தில் நிற்பவருக்குத் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கார்த்திகை மாதத்து மாலையொன்றில், அம்மரத்தின் மறைவிலே நம்மிடம் முன்னர்ப் பயின்ற மாணவன் ஒருவன் தன் உள்ளத்தைத் திறந்தான். அவனுக்கு வயது இருபத்துநான்கு. மன்னாரில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞனாக வேலை பார்த்தான்.

"சேர், உங்களுக்கு மட்டும் சொல்லுறன். வாற மாதம் லூசியா அம்மாள் பெருநாளண்டு இரவு நான் அவளைக் கூட்டிக்கொண்டு போகப் போறன்."

அவள் அதே ஊர்ப் பெண், வயது இருபது. அவளுடைய தந்தையார் பிரான்சு நாட்டில் வாழும் ஒருவருக்கு அவளைக் கொடுப்பதாக வாக்களித்துவிட்டார். இவனுடைய வீட்டிலோ மூத்த சகோதரிக்குக் கொடுக்க வேண்டிய சீதனமே இன்னும் தீரவில்லை. இரு வீட்டாரும் இசையார் என்பது அவனது முடிபு. அவன் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு கொப்பியை எடுத்துக் காட்டினான். பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் நேரசூசி எழுதுவது போல, உடன்போக்குக்கு அவன் நேரசூசி எழுதியிருந்தான்.

அவனது திட்டம்

டிசம்பர் 13ஆந் திகதி புனித லூசியாளின் திருநாள். பள்ளிமுனைத் தேவாலயம் அவ்வன்னையின் பெயராலேயே விளங்குவது. அன்றிரவு ஊர் முழுவதும் கோயிலில் இருக்கும். யார் எங்கே நிற்கிறார் என்று ஒருவரும் கவனியார். இது அவன் எழுதிய முதலாவது குறிப்பு.

இரண்டாவது குறிப்பு வழியைப் பற்றியது. மன்னார் ஒரு தீவு. தரைவழியாக வெளியேறுவதற்குக் கடலைக் கடக்கும் வீதி ஒன்றே உண்டு. 1990இல் தகர்க்கப்பட்ட பாலத்துக்கு மாற்றாக 2010இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. தலைமன்னாருக்கான இரயில் 2015இல் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. ஆயினும் பஸ்ஸில் ஏறினாலும் இரயிலில் ஏறினாலும், நடத்துநர் முதல் தேநீர்க் கடைக்காரர் வரை எல்லோரும் அறிந்த முகங்களே. தீவில் வாழ்வோருக்கு மறைவு என்பது கிடைத்தற்கரிய பொருள். எனவே அவன் கடல் வழியை எண்ணினான். சிறிய தந்தையாரின் வள்ளத்தில் ஏறி, இராமேஸ்வரக் கரையை அடைந்து, அங்கே சில காலம் வாழலாம் என்பது அவன் கணக்கு.

முன்னொரு காலத்தில் அது அத்துணைப் பெரிய காரியமன்று. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர், இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 1984இல் நின்றது. 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் அக்கடலின் நடுவே எல்லைக்கோடு ஒன்றை வரைந்துவிட்டது. இன்று கடவுச்சீட்டின்றி அதைக் கடப்பவர் காதலராயினும் சட்டத்தின் கண்ணுக்குக் குற்றவாளிகளே. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், நாட்டின் பொருளாதார நெருக்கடிக்கு ஆற்றாது படகேறியோருள் ஆறு பேர், கைக்குழந்தையொன்றும் உட்பட, தனுஷ்கோடிக்கு அருகேயுள்ள மணற்றிட்டில் இறக்கிவிடப்பட்டுத் தவித்தபோது இந்தியக் கரையோரக் காவற்படையினரால் மீட்கப்பட்டனர். அன்றியும் டிசம்பர் என்பது வாடைக் காற்றுக் காலம். கடற்றொழிலாளரின் பிள்ளையாகிய அவனுக்கு இதை நாம் கற்பிக்க வேண்டியதில்லை; ஆனால் காதல் வானிலையை மறக்கச் செய்துவிடுகிறது.

மூன்றாவது குறிப்புப் பணம். நான்காவது, உடைகள். ஐந்தாவது, கைத்தொலைபேசியின் இலக்கத்தை மாற்றுதல். கொப்பியை முற்றாக வாசித்த பின்னர் நாம் அவனிடம் ஒரே ஒரு வினாவை எழுப்பினோம்.

"தம்பி, சாட்சி ஆர்?"

அவன் விழித்தான். "சாட்சி இல்லாமல் போறதுக்குத்தானே சேர் இவ்வளவும்" என்றான்.

அவ்விடையைப் பற்றி நாம் பல நாள் சிந்தித்ததுண்டு. உடன்போக்கைப் பற்றி நம் இளைஞர் கொண்டுள்ள பிழையான எண்ணம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. ஓடுவதற்குப் படகு வேண்டும், பணம் வேண்டும், இருள் வேண்டும் என்று எண்ணுகிறார்கள். அவை ஓர் இரவுக்கு வேண்டியவை. அடுத்துவரும் நாற்பது ஆண்டுகளுக்கு வேண்டியது சாட்சி.

பழந்தமிழர் கண்ட முறை

உடன்போக்கு நமக்குப் புதியதன்று. சங்க இலக்கியத்தின் அகப்பாடல்களிலே தலைவனும் தலைவியும் பெற்றோர் அறியாமற் பாலைநிலத்தைக் கடந்து செல்லும் துறை ஒன்று உண்டென்பதை உயர்தர வகுப்பு மாணவரும் அறிவர். ஆனால் அங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவ்விருவரும் தனியே திட்டமிடுவதில்லை. தோழி என்றொருத்தி இருக்கிறாள். தலைவியின் நாணத்தையும், தாயின் துயரத்தையும், வழியின் வெம்மையையும் எடைபோட்டு, இனி வேறு வழியில்லை என்று கண்ட பின்னரே அவள் தலைவியைத் தலைவனிடம் ஒப்படைக்கிறாள். ஒப்படைக்கும்போது, இவளைக் கைவிடாது காப்பாயாக என்று சொல்லியே ஒப்படைக்கிறாள். அவளே அவ்வுடன்போக்கின் முதற் சாட்சி.

தொல்காப்பியர் இதனினும் ஒருபடி மேலே செல்கிறார். திருமணச் சடங்கைக் கரணம் என்பது அவர் வழக்கு. மக்களிடையே பொய்யும் தவறும் தோன்றிய பின்னரே பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்று கற்பியலிலே காரணம் காட்டுகிறார். ஒருவன் ஒருத்தியோடு களவில் வாழ்ந்து, பின்னர் அவளை அறியேன் என்று சொல்லக்கூடும். அப்பொய்க்கு அணையாகவே ஊர் அறியும் சடங்கு வந்தது. மகளைக் கொடுப்பதற்குரியோர் கொடுப்பதே கரணத்தின் முறை. எனினும், இருவரும் உடன்போன இடத்திலே கொடுப்போர் இல்லாமலும் கரணம் உண்டு என்று அவர் விதி செய்திருக்கிறார்.

இவ்விதியின் பெருமையை நோக்குக. பெற்றோர் கொடுக்காவிடினும் திருமணம் திருமணமே; ஆனால் கரணம் இல்லாமல் அன்று. தந்தையின் கை இல்லாமற் போகலாம். ஊரின் கண் இல்லாமற் போகலாகாது. அக்காலத்தில் சிலம்புகழி நோன்பு என்ற சடங்கொன்று இருந்தது. கன்னிப் பருவத்திற் காலில் அணிந்த சிலம்பை மணத்துக்கு முன்னர்க் கழற்றுவது அது. மகள் உடன்போன பின்னர், அச்சடங்கு தலைவன் வீட்டில் நடந்தாலும் மணவிழாவையாவது தன் வீட்டில் நடத்தவிடலாகாதா என்று ஏங்கும் தாயொருத்தியை ஐங்குறுநூறு காட்டுகிறது. ஓடிப்போன மகளைத் தாய் விலக்கவில்லை. தன் முற்றத்துக்கு அழைக்கிறாள். அத்தாயைப் போன்றோர் மன்னாரிலும் உளர், யாழ்ப்பாணத்திலும் உளர். அவர்களுக்கு வாய்ப்பளிக்கும் வகையிற் பிள்ளைகள் புறப்படுகிறார்களா என்பதே கேள்வி.

சைவராகிய நமக்கு இன்னொரு சான்றும் உண்டு. கந்தபுராணத்தின் நிறைவிலே வள்ளியம்மை திருமணம் வருகிறது. முருகப் பெருமான் வள்ளியைக் களவிலே அழைத்துச் செல்கிறான். தந்தையாகிய நம்பியும் வேடரும் பின்தொடர்ந்து போரிட்டு மாள்கின்றனர். அப்பால் நாரதர் வந்து, பெற்றோரை இந்நிலையில் விட்டுச் செல்லுதல் தகாது என்று உணர்த்த, பெருமான் திரும்பி வருகிறான், மாண்டவர் உயிர்பெற்றெழுகின்றனர், நம்பியே மகளைக் கைப்பிடித்துக் கொடுக்கிறான். நம் பாட்டிமார் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்று வணங்கிய வள்ளியின் கதை இதுவே. கடவுளே ஆயினும், களவிற் கொண்டவளைக் கற்பில் ஏற்பதற்குத் திரும்பி வர வேண்டியிருந்தது.

திருச்சபையும் தோம்பும்

நம் மாணவனும் அவன் விரும்பிய பெண்ணும் கத்தோலிக்கர். ஆகையால் அவனிடம் தொல்காப்பியத்தை மட்டும் பேசி நாம் நிறுத்தவில்லை. அவன் திருச்சபையின் வரலாற்றிலும் இதே செய்தி உண்டு.

பழைய ஐரோப்பாவில், ஆணும் பெண்ணும் தனியே ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தாலே அது செல்லுபடியாகும் திருமணமாகக் கொள்ளப்பட்டது. அதனால் விளைந்த கேடு யாது? மறைவில் ஒருத்திக்கு வாக்களித்தவன், பின்னர் வெளிப்படையாக வேறொருத்தியை மணந்து, முதல்வளை அறியேன் என்றான். அவளுக்கோ காட்டுவதற்கு ஒருவரும் இல்லை. இதைத் தடுக்கும் பொருட்டு 1563ஆம் ஆண்டிலே திரெந்துச் சங்கம் விதி செய்தது. பங்குக் குருவும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளும் இல்லாத திருமணம் செல்லாது. அதற்கு முன்னர்க் கோயிலில் ஓலை வாசிக்கப்படுதலும் வேண்டும் என்பதே அவ்விதி. தமிழகத்துப் புலவரும் இத்தாலியிற் கூடிய ஆயர்களும் ஒருவரையொருவர் அறியார். நடுவே நெடுங்காலம் கிடக்கிறது. இருப்பினும் இரு சாராரும் ஒரே பொய்யைக் கண்டு ஒரே மருந்தைக் கொடுத்தனர்.

மன்னாரின் வரலாற்றில் இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றிய பின்னர்க் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமார் வெளிப்படையாக நடமாடுதல் இயலாதாயிற்று. 1687இல் யோசேப்பு வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்தே பணியாற்றினார். 2015ஆம் ஆண்டு ஜனவரியிற் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அத்தடைக் காலத்திலே ஒல்லாந்தர் ஆட்சியில் விவாகங்கள் பள்ளித் தோம்பு என்னும் ஏட்டில் எழுதப்பட்டன. எழுதியவர் யார்? பள்ளி ஆசிரியர். நம் தொழிலைச் செய்தவர்களே அக்காலத்து விவாகப் பதிவாளர். ஆகவே, அம்மரத்தடியில் நின்று சாட்சி யார் என்று நாம் கேட்டபோது, பழைய வேலையொன்றையே தொடர்ந்தோம் எனலாம்.

மேனாட்டாரின் ஓட்டம்

ஆங்கில நாட்டுக் கதைகளைப் படித்தவர்கள் கிறெற்னா கிறீன் என்னும் ஊரின் பெயரை அறிந்திருப்பர். 1753ஆம் ஆண்டுச் சட்டம், இருபத்தொரு வயது நிரம்பாதார் பெற்றோரின் இசைவின்றி மணத்தலை இங்கிலாந்திலே தடுத்தது. ஸ்கொத்லாந்துக்கு அச்சட்டம் இல்லை. ஆகவே இங்கிலாந்துக் காதலர் குதிரை வண்டியில் எல்லையைக் கடந்து, முதலில் எதிர்ப்படும் அவ்வூரிலே கொல்லனின் பட்டடைக்கு முன்னால் மணம்புரிந்தனர். 1856இல் வந்த சட்டம், மணமக்களுள் ஒருவராவது ஸ்கொத்லாந்தில் இருபத்தொரு நாள் தங்கியிருத்தல் வேண்டும் என்று விதித்தது. ஒரே இரவில் ஓடி மணப்பதைச் சட்டம் விரும்பவில்லை. சற்றே ஆறி நிற்கச் சொன்னது. ஆனால் ஓட்டத்துக்குப் பேர்போன அவ்வூரிலும் சாட்சிகள் முன்னே இசைவைச் சொல்வதே வழக்கமாயிருந்தது.

இன்று மேனாட்டிலே இலோப்மென்ட் என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. உறவினர் கூட்டத்தையும் செலவையும் தவிர்த்து, வெப்பவலயத் தீவொன்றின் கடற்கரையில் இருவர் மாத்திரம் நின்று மணப்பதற்கு அப்பெயர் வழங்குகின்றனர். அதற்காக இலங்கையின் தென் கரைக்கு வருவோரும் உளர். அவர்கள் பெற்றோரைத் தவிர்க்கலாம்; பதிவாளரையும் சாட்சிகளையும் தவிர்க்க முடியாது. சாட்சிக்கு ஆளின்றி ஹோட்டல் ஊழியரைக் கையெழுத்திட அழைப்பதும் உண்டு.

இன்றைய சட்டம்

நம் நாட்டில் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமே பொது விவாகங்களை ஆள்கிறது. முஸ்லிம்களுக்குத் தனிச்சட்டம் உண்டு. பொதுச் சட்டத்தின் சாரத்தைப் பெற்றோரும் பிள்ளைகளும் அறிந்திருத்தல் நன்று.

இருவரும் பதினெட்டு வயதை நிறைவு செய்திருத்தல் வேண்டும். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதற்குக் குறைந்த வயதிற் செய்யும் விவாகம் செல்லாது. அதே ஆண்டிற் செய்யப்பட்ட தண்டனைச் சட்டத் திருத்தம், பதினாறு வயது நிரம்பாத பெண்ணின் சம்மதத்தைச் சம்மதமாகவே கொள்ளாது. ஆகையாற் பள்ளிச் சிறுமியை அழைத்துச் செல்பவன் செய்வது உடன்போக்கு அன்று, குற்றம். போர்க்காலத்திலே, கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சிப் பல சிறுமியர் அவசர அவசரமாக மணமுடித்து வைக்கப்பட்டதை வடபுலத்தார் மறந்திரார். அவ்வவசரத்தின் வடுக்கள் இன்னும் ஆறவில்லை.

வயது வந்தவர்களாயின், பத்து நாளேனும் வதிந்த பிரிவின் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்கலாம். பதிவாளர் அதனைப் பதிந்து, யாவரும் காணத் தம் அலுவலகத்தில் ஒட்டி வைப்பார். பன்னிரண்டு நாள் கழிந்த பின்னர், மூன்று மாதங்களுக்குள், இரு சாட்சிகள் முன்னிலையில் விவாகம் பதியப்படலாம். விரைவு வேண்டுமாயின் விசேட அனுமதிப் பத்திரம் பெறும் வழியும் உண்டு. சட்டத்துக்கு முரணான தடை இருந்தால் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் 'எனக்கு இந்த மாப்பிள்ளை பிடிக்கவில்லை' என்பது தடையாகாது.

பதிவு இல்லாத ஒரே காரணத்தால் வழக்காற்றுத் திருமணம் செல்லாததாகிவிடாது என்பதும் உண்மையே. ஆயினும் அதை நிறுவுவதற்கு ஒரு பெண் நீதிமன்றப் படியேற வேண்டும். 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் விவாகமின்றிப் பிறந்த குழந்தைக்கும் தந்தையிடம் பராமரிப்புப் பெற வழிசெய்கிறது; மனைவிக்கோ, தான் மனைவி என்று காட்டுதல் இன்றியமையாதது.

நாம் இதை ஏட்டில் மட்டும் படித்தறியவில்லை. நாம் அறிந்த பெண்ணொருத்தி பத்தொன்பதாவது வயதில் ஒருவனோடு இரவிலே புறப்பட்டாள். வெளிமாவட்டத்துக் கோயிலொன்றில், கதவு சாத்தும் வேளையில், அவன் ஒரு மஞ்சட் கயிற்றைக் கட்டினான். பார்த்தவர் எவருமில்லை. ஐந்தாண்டுகளின் பின்னர் அவன் வெளிநாடு சென்றான். ஈராண்டில் அங்கே வேறொரு திருமணம் செய்தான். அவனது வீட்டார், அவள் எங்கள் மருமகள் அல்லள் என்றனர். அவள் பிறந்த வீட்டார், நீ அன்றே எங்களுக்கு மகள் அல்லள் என்றனர். பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்கும் நாளிலே அவள் நம்மிடம் வந்து கேட்டது உதவிப் பணம் அன்று. "அவர் என்னைக் கட்டினவர் எண்டு சொல்ல ஆராவது வேணும், சேர்" என்றாள். அவ்வொரு வாக்கியத்தைக் கேட்டறியாதிருந்தால், மரத்தடியில் அவ்வினாவை நாமும் கேட்டிருக்க மாட்டோம்.

பெண்ணின் சொல்

மாணவனின் வாயால் மட்டும் கேட்டு முடிவு சொல்லுதல் முறையன்று. அவன் விரும்பிய பெண்ணோடும் பேச வேண்டும் என்றோம். மறுவாரம் அவள் தன் மாமியாரோடு, அதாவது தந்தையின் சகோதரியோடு, மன்னார்ப் பட்டினத்தில் நம்மைச் சந்தித்தாள். அம்மாமியார் விடயத்தை ஏற்கெனவே அறிந்திருந்தார். பழைய நூல்களிற் படித்த தோழியை நாம் நேரே கண்டோம். ஐம்பது வயது, கையிலே குடையும் மருந்துப் பையும்.

அவள் தலைநிமிர்ந்தே பேசினாள்.

"சேர், எல்லாரும் ஓடுறது எண்டு சொல்லுகினம். நான் ஓடேல்லை, போறன். ஓடினவள் எண்ட பேர் எனக்கு வந்தா அது தங்கச்சியிலையும் ஒட்டும். இரவில போறதுக்கு எனக்கு விருப்பமில்லை. அவருக்குத்தான் பயம்."

ஆண்பிள்ளையின் கொப்பியில் இல்லாத செய்தி அது. இரவையும் படகையும் வகுத்தவன் அவன். பெயரின் விலையைக் கொடுக்க வேண்டியவள் அவள். நாம் அவளிடம் சொன்னவை மூன்றே. போவதாயின் பகலிற் போக வேண்டும். போகும் இடம் ஒரு பெண் இருக்கும் வீடாயிருக்க வேண்டும். தாலியோ மோதிரமோ எதுவாயினும், அதற்கு முன்னே எழுத்து முடிய வேண்டும்.

அவர்கள் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்தனர். அவள் மாமியாரின் வீட்டிலேயே தங்கினாள். அறிவித்தல் ஒட்டப்பட்ட மூன்றாம் நாளே செய்தி ஊரெங்கும் பரவிற்று. தந்தையார் கோபத்தோடு நம்மைத் தேடி வந்தார்.

"படிப்பிச்ச வாத்தியாரே இப்பிடிச் செய்யலாமோ?" என்றார்.

"ஐயா, உங்கள் மகள் உங்கள் தங்கச்சி வீட்டிலே இருக்கிறா. விரும்பினால் இன்றைக்கே போய்ப் பார்க்கலாம். படகேறிப் போயிருந்தால் எங்கே தேடுவீர்கள்?" என்றோம்.

அவர் மறுமொழி சொல்லவில்லை. நெடுநேரம் இருந்துவிட்டு, பிரான்சு மாப்பிள்ளை வீட்டாருக்குத் தாம் கொடுத்த வாக்கைப் பற்றிப் பேசினார். சீதனத்துக்கு ஈடு வைத்த காணியைப் பற்றிப் பேசினார். கடைசியில், "அவள் சாப்பிடுறாளோ?" என்று கேட்டார்.

பன்னிரண்டு நாள் கழிந்து எழுத்து நடந்தபோது தாயார் வந்தார், தந்தையார் வரவில்லை. மாமியார் சாட்சிக் கையெழுத்திட்டார். மற்றக் கையெழுத்து நம்முடையது. சில மாதங்களுக்குப் பின்னர்க் கோயிலிலே ஓலை வாசிக்கப்பட்டுத் திருமணம் நடந்தபோது, தந்தையார் பின்வரிசையில் நின்றதாகக் கேள்விப்பட்டோம். முழு மனத்தோடு வந்தாரா என்பதை நாம் அறியோம். வந்தார் என்பதே போதும்.

பெற்றோருக்கு ஒரு சொல்

இக்கட்டுரையை ஓடிப்போதலுக்கான ஊக்கமாக எவரும் கொள்ளற்க. பிள்ளை வீட்டை விட்டுப் புறப்படும் நாள், அவ்வீட்டில் ஏதோ ஒரு கதவு நெடுங்காலம் சாத்தியிருந்த நாளே. அக்கதவு பெரும்பாலும் சீதனம். 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமையிலே, சீதனம் பெற்றோர் சொத்தில் மகளுக்குரிய பங்காகவே காணப்படுகிறது. தாயின் சீதனம் பெண்மக்களுக்கே செல்வது. பெண்ணுக்குப் பாதுகாப்பாக இருந்த பொருள் இன்று மாப்பிள்ளைக்கு விலையாகிவிட்டது. விலை பேசும் வீட்டில் மனம் பேச இடமில்லாதபோது இரவும் படகும் அழகாகத் தோன்றுகின்றன.

பன்னிரண்டு நாள் என்று சட்டம் சும்மா விதிக்கவில்லை. அது பிள்ளைகள் தம் முடிவை மீண்டும் எண்ணிப் பார்க்கும் காலம் மாத்திரமன்று. பெற்றோர் தம் கோபத்தை எண்ணிப் பார்க்கும் காலமும் அதுவே. பதிவாளரின் சுவரில் ஒட்டிய கடதாசியைக் கிழித்தெறிய விரையும் தந்தை, அது தம் மகள் தமக்கு எழுதிய கடிதமும் ஆகும் என்பதை உணர்வாராக. நான் மறைந்து போகவில்லை, இன்ன ஊரில், இன்ன நாளில், இன்னாரை மணக்கிறேன், விரும்பினால் வாருங்கள் என்று அது சொல்கிறது.

இளைஞர்களே, உங்கள் கொப்பியில் முதலாவது குறிப்பாகச் சாட்சியின் பெயரை எழுதுங்கள். அப்பெயரை எழுத உங்களுக்கு ஒருவரும் அகப்படவில்லையாயின், உங்களை நேசிக்கும் முதியவர் ஒருவரேனும் உங்களோடு நிற்க இசையவில்லையாயின், புறப்படும் நாளைத் தள்ளி வையுங்கள். ஏன் இசையவில்லை என்று அவர்களிடமே கேளுங்கள்.

அம்மாணவனுக்கு இப்போது பெண் குழந்தையொன்று உண்டு. சென்ற முறை பள்ளிமுனைக்குப் போனபோது, பாட்டனார் அக்குழந்தையைத் தோளில் வைத்துப் பெருக்க மரத்தைச் சுற்றி வருவதைக் கண்டோம். நம்மைக் கண்டதும் சிறிது தயங்கி, "சேர், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். அவர் வீட்டிலே அன்று நாம் தேநீர் அருந்தினோம்.